நோட்டில் ஒன்று, கம்ப்யூட்டரில் ஒன்று

கேள்வி: தனியார் மருத்துவமனையில் வார்டு நர்ஸாக இருக்கிறேன். ஆறு மாதத்துக்கு முன் கேஸ் ஷீட், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றினார்கள். ஆனால் பிபி, டெம்பரேச்சரை இன்னமும் நோட்டில் குறித்துக்கொண்டு, டியூட்டி முடியும்போதுதான் உட்கார்ந்து ஏற்றுகிறோம். போன வாரம் ‘புதிய முறை திருப்தியா?’ என்று ஒரு படிவம் வந்தது, பெயரும் எழுத வேண்டுமாம். எல்லோரும் ‘மிக நன்று’ என்று டிக் அடித்துவிட்டோம். இதனால் யாருக்கு என்ன பயன்?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: பெயரைப் போடச் சொன்னால் வேறு எதை டிக் அடிப்பீர்கள்! உண்மையான பதில் உங்கள் மேசை மேலேயே கிடக்கிறது, அந்த நோட்டுதான்.

டிக் அடிப்பதிலும் விஷயம் இருக்கிறது. ஒரு கம்ப்யூட்டர் முறை பயன்படுத்த எவ்வளவு எளிது என்று அளக்க 1986இல் ஜான் புரூக் உருவாக்கிய ‘சிஸ்டம் யூசபிலிட்டி ஸ்கேல்’ என்ற படிவத்தில் மொத்தமே 10 வாக்கியங்கள்தான். ஒன்று புகழும், அடுத்தது குறை சொல்லும், இப்படியே மாறி மாறி வரும். படிக்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே கட்டத்தில் டிக் அடித்துக்கொண்டே போனால், அது எந்தக் கட்டமாக இருந்தாலும் சரி, 100க்கு 50தான் வரும். பொதுவாகச் சராசரி என்று சொல்வது 68. உங்களுக்கு வந்தது அந்தப் படிவமாக இருந்திருந்தால், உங்கள் வார்டு மொத்தமும் சேர்ந்து ஃபெயில்!

டாக்டர்கள் என்றால் கதை வேறு. லாஸ் ஏஞ்சலீஸில் சீடர்ஸ்-சைனாய் என்ற பெரிய மருத்துவமனையில், மருந்து ஆர்டரைக் கம்ப்யூட்டரில்தான் போட வேண்டும் என்று 2002 கடைசியில் கொண்டுவந்தார்கள். நேரம் இழுக்கிறது, எதற்கெடுத்தாலும் எச்சரிக்கை வந்து நிற்கிறது என்று டாக்டர்கள் கொதித்துப்போனதில், 2003 ஜனவரியிலேயே நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. நர்ஸ்கள் அப்படிக் கொதித்தால் கேட்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அதனால் ‘கஷ்டமாக இருக்கிறது’ என்று போய் நிற்காதீர்கள், ‘பழகிவிடும்மா’ என்று அனுப்பிவிடுவார்கள். ஒரு வாரத்துக்கு, பிபி பார்த்த நேரத்தையும் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வாருங்கள். காலை 8 மணிக்குப் பார்த்தது மதியம் 1 மணிக்கு ஏறுகிறது என்றால், 11 மணி ரவுண்ட்ஸில் டாக்டர் திரையில் பார்ப்பது நேற்று ராத்திரி பிபியை. அந்தத் தாளை நர்சிங் சூப்பரின்டென்டன்ட்டிடம் கொடுங்கள். அப்புறம், கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்துப் பதிய ஒரு டேப்லெட்டாவது வேண்டும் என்று கேளுங்கள்.