மகனுக்கு ‘ஆதன்’ என்று பெயர் வைக்கலாமா? கேள்வி பதில்

ஆதன் என்ற பெயரைப் பற்றி வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, பெயர்ப் பட்டியல்களில் எல்லாம் ‘ஆதன் என்றால் சூரியன்’ என்று போட்டிருக்கிறது. சரிதானா?

சரியில்லை. சூரியனைக் குறிப்பவை ஆதவன், ஆதித்தன் ஆகிய சொற்கள். தொடக்கம் ஒத்துப்போகிறது என்பதற்காக அந்தப் பொருளை இதற்கும் ஒட்டிவிட்டார்கள். ஒரு பட்டியலில் வந்த தவறு மற்ற பட்டியல்களுக்கும் அப்படியே பரவிவிட்டது.

தமிழ் அகராதிகள் ஆதன் என்பதற்கு உயிர் என்றும் அருகன் (சமணர் வணங்கும் கடவுள்) என்றும் பொருள் தருகின்றன. அதே சொல்லுக்கு ‘அறிவில்லாதவன்’ என்ற பொருளும் உண்டு. இதை மறைத்துச் சொல்வது சரியில்லை. பக்தி இலக்கியத்தில் ‘ஆதர்’ என்று பன்மையில் வந்தால் பெரும்பாலும் இந்தப் பொருள்தான். ஆனால் அது வசையாக வழங்கிய பொதுச்சொல். மூவேந்தரில் ஒரு குலமே தலைமுறை தலைமுறையாகச் சூட்டிக்கொண்ட பெயருக்கு அந்தப் பொருளை ஏற்றிப் படிக்க வேண்டியதில்லை. தொல்காப்பியம் ஆதனை இயற்பெயராகவே எடுத்துக்கொள்கிறது. அதன் வேர் எது என்பதில் அறிஞர்களிடையே முடிவு இல்லை. ‘ஆ என்றால் பசு, ஆகவே ஆதன் ஆயன்’ என்பதெல்லாம் ஊகம்தான்.

இந்தப் பெயரின் பலம் பொருளில் இல்லை. எத்தனை இடத்தில், எத்தனை விதமான மனிதர்களுக்கு இது வழங்கியிருக்கிறது என்பதில்தான் இருக்கிறது. பொருள் முக்கியம் என்று நினைப்பவர்கள் இனியன், செழியன் பக்கம் போவது நல்லது.

கேள்வி: கீழடியில் கிடைத்த பெயர் இதுதானே? 2600 வருஷப் பழமை என்று தைரியமாகச் சொல்லலாமா?

கீழடியில் கிடைத்த பெயர் என்று தைரியமாகச் சொல்லலாம். ஆண்டைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை நான்காம் கட்ட அகழாய்வு பற்றி 2019இல் வெளியிட்ட அறிக்கையில், தமிழ் பிராமி எழுத்துள்ள 56 பானை ஓடுகள் பேசப்படுகின்றன. அவற்றில் குவிரன், ஆதன் என்ற பெயர்கள் வருகின்றன. 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரிமாதிரி ஒன்றுக்குக் கி.மு. 580 என்று காலம் வந்தது. அந்தக் காலம் கரியினுடையது. ஓட்டின் காலத்தை அது கிடந்த மண்ணடுக்கை வைத்துத்தான் கணிக்கிறார்கள். ‘ஆதன் என்று எழுதிய ஓட்டையே சோதித்து 580 என்று சொன்னார்கள்’ என்று பேசினால் அது பிழை.

ஓட்டில் எப்படி எழுதியிருக்கும் என்றும் சிலர் கேட்டிருந்தார்கள். சுட்ட பானையின் தோள்பகுதியில் கூர்முனையால் கீறிய எழுத்து அது. ஆ, த, ன என்று மூன்றே குறிகள். அக்காலக் கீறல்களில் புள்ளியை எதிர்பார்க்கக் கூடாது. கடைசி எழுத்து ‘ன்’ என்பதை நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும். பெயரை அசோகர் காலப் பிராகிருத எழுத்திலிருந்து பிரித்துக் காட்டுவதும் அந்தக் கடைசி எழுத்துதான். ழ, ள, ற, ன நான்கும் தமிழுக்கென்று தனியே அமைத்துக்கொண்ட வடிவங்கள்.

கேள்வி: எகிப்தில் கிடைத்த ஓட்டிலும் ஆதன் இருப்பதாக ஒரு காணொலியில் பார்த்தேன், அண்ணா.

அது சாதன். குசேர் அல்-காதிம் என்ற பழைய துறைமுகத்தில் கிடைத்த ஓடுகளில் கணன், சாதன் என்று இரண்டு பெயர்கள் உண்டு. சாதன் என்பதைச் சாத்தன் என்று படிக்க வேண்டும். ‘சா’ உதிர்ந்து ‘ஆ’ ஆனது காணொலிக்காரர் கைங்கரியமாக இருக்கும்.

கேள்வி: இது அரச குடும்பத்துப் பெயரா, சாதாரண மக்கள் பெயரா?

இரண்டும்தான். என்னைக் கேட்டால் இந்தப் பெயரின் அழகே அங்கேதான் இருக்கிறது. பானையில் பெயர் கீறி வைத்தவனும் ஆதன், இமயம் வரை எல்லை கொண்டதாகப் புகழப்பட்டவனும் ஆதன்.

சேரர் பெயர்களைப் பிரித்துப் பாருங்கள். சேரல் + ஆதன் சேரலாதன். உதியஞ்சேரலாதன், இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன், ஆடுகோட்பாட்டுச் சேரலாதன் எல்லாம் இதிலிருந்து வந்தவை. வெண்ணிப் போரில் கரிகாலனிடம் முதுகில் புண்பட்டு, நாணி வடக்கிருந்தவன் பெருஞ்சேரலாதன். கபிலர் பதிற்றுப்பத்தில் பாடிய செல்வக் கடுங்கோ, வாழியாதன். கல்லிலும் சான்று உண்டு. கரூரை அடுத்த புகளூர் மலைக் குகையில், சமண முனிவருக்குப் படுக்கை வெட்டித் தந்த செய்தியில் ‘கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ’ என்று மூன்று தலைமுறை வருகிறது. பதிற்றுப்பத்தின் 7, 8, 9ஆம் பத்துகளின் அரசர் வரிசையோடு இதை ஒப்பிடுவார்கள். கல்வெட்டின் காலம் கி.பி. 2ஆம் நூற்றாண்டு வாக்கில்.

ஐங்குறுநூற்றின் முதல் பத்துப் பாட்டும் ‘வாழி ஆதன் வாழி அவினி’ என்றே தொடங்குகின்றன. அரசன் வாழட்டும், நெல் பொலியட்டும், பொன் சிறக்கட்டும் என்று தலைவி வேண்டிக்கொண்டதைத் தோழி சொல்கிறாள். பெயர்சூட்டு விழா அழைப்பிதழில் ஒரு வரி போட வேண்டும் என்று கேட்டவர்களுக்கு இதைவிடப் பொருத்தமாக வேறு கிடைக்காது.

கேள்வி: பிசிராந்தையார் பெயருக்கும் ஆதனுக்கும் தொடர்பு என்று தமிழாசிரியர் சொன்னார். ஆந்தை எப்படி ஆதன் ஆகும்?

ஆந்தை ஆதன் ஆகவில்லை, ஆதன் + தந்தை என்பதுதான் ஆந்தை ஆனது. தொல்காப்பியம் எழுத்ததிகாரம், புள்ளி மயங்கியலில் இதற்கென்றே விதி இருக்கிறது. படிப்படியாகப் பாருங்கள்.

‘அன்’ என்று முடியும் பெயரோடு தந்தை சேர்ந்தால், பெயரில் ‘அன்’ போகும். தந்தையின் முதல் மெய் ‘த்’ போய் ‘அந்தை’ நிற்கும். சாத்தன் + தந்தை இப்படித்தான் சாத்தந்தை ஆகிறது. அதே கணக்கில் ஆதன் + தந்தை ‘ஆதந்தை’ என்று வர வேண்டும். ஆனால் ஆதன், பூதன் என்ற இரண்டு பெயர்களுக்கு மட்டும் இன்னொரு படி உண்டு: எஞ்சிய ‘த்’தும் அதன்மேல் வரும் ‘அ’வும் சேர்ந்து போகும். மிஞ்சுவது ஆந்தை, பூந்தை. ‘ஆதனுக்குத் தந்தை’ என்று பொருள்.

பிசிர் ஊரின் ஆந்தை பிசிராந்தை. சிறைக்குடி ஆந்தையாரும் ஓதலாந்தையாரும் இந்த வகைதான். ‘வாழி ஆதன்’ என்று தொடங்கும் அதே ஐங்குறுநூற்றில் பாலைத் திணையின் நூறு பாட்டும் ஓதலாந்தையார் பாடியவை. இரண்டே பெயருக்காகத் தனி விதி எழுத வேண்டியிருந்தது என்றால், அந்தப் பெயர்கள் நாள்தோறும் வாயில் புழங்கித் தேய்ந்திருக்க வேண்டும். புள்ளிவிவரம் இல்லாத காலத்துக்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. (மகனுக்கு ஆதன் என்று வைக்கும் அப்பாக்கள், இலக்கணப்படி நீங்கள் ஆந்தை. வீட்டில் கேலிக்குத் தயாராக இருங்கள்.)

கேள்வி: இப்போது எத்தனை பேருக்கு இந்தப் பெயர் இருக்கிறது?

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஆண்டுதோறும் பிறந்த குழந்தைகளின் பெயர்ப் பட்டியலை அரசே வெளியிடுகிறது. அமெரிக்காவில் ஒரே ஆண்டில் ஐந்து குழந்தைகளுக்கு வைத்த பெயர்கூட அதில் வந்துவிடும். நம் ஊரில் அப்படி ஒரு பட்டியல் இல்லை. ‘பிரபலம் 87 சதவீதம்’ என்றெல்லாம் போடும் தளங்களை நம்ப வேண்டாம்.

கேள்வி: தனியாக ஆதன் என்று வைத்தால் சின்னதாக இருக்கிறது. முன்னால் ஏதாவது சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். தமிழில் ‘ஆத’ என்பது எதிர்மறையும்கூட. வினைப்பகுதியோடு ஆதனை ஒட்டினால் பொருள் தலைகீழாகும். வெல் + ஆதன் வெல்லாதன். கேட்பவர் காதில் ‘வெல்லாதவன்’. வாழ் + ஆதன் வாழாதன்; இதைவிட மோசம் வேண்டாம். பழைய ‘வாழியாதன்’ பிழைத்தது நடுவில் வந்த ‘ய்’யால்.

பெயர்ச்சொல்லோடு சேருங்கள்: வேலாதன், கடலாதன், முகிலாதன். இவற்றில் ‘ல்’ இரட்டிக்காது. ‘நல்’ போலத் தனிக்குறிலை அடுத்து வந்தால்தான் இரட்டிக்கும்: நல்லாதன். திரிகடுகம் பாடியவர் பெயரே நல்லாதனார்தான். வைத்துப் பார்த்துவிட்டு மூன்று முறை சத்தமாகக் கூப்பிட்டுப் பாருங்கள். எதிர்மறை ஒலித்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது? நாங்கள் கனடாவில் இருக்கிறோம், எங்களுக்கு ‘டி-ஹெச்’ (TH) எழுதித்தான் பழக்கம்.

‘பாதம்’ என்பதில் வரும் மெலிந்த ‘த’தான் இதில். ஈழத்து வழக்கப்படி ஏ-ஏ-டி-ஹெச்-ஏ-என் என்று, ‘தம்பி’க்குப் போடும் ‘டி’ (T) போட்டு எழுதினால் அங்குள்ள ஆசிரியர்கள் ‘ஈத்தன்’ (Ethan) பக்கம் இழுப்பார்கள். அது அங்கே மிகப் பரவலான பெயர் என்பதால் காதும் அப்படியே பழகியிருக்கும். ‘டில்லி’க்குப் போடும் ‘டி’யோடு (D) ஹெச் சேர்த்தால் ஒலி ஓரளவு நிற்கும். முதலில் இரண்டு ஏ கட்டாயம். ஒரே ஏ போட்டால் அது தொழுகை அழைப்பைக் குறிக்கும் ‘அதான்’ என்ற அரபுச் சொல்லின் எழுத்து. பேச்சுத் தமிழிலும் ‘அதான்’ என்று கேலி பேச வசதியாகிவிடும்.

கேள்வி: எண்கணிதம் பார்த்தால் எட்டு வருகிறதாம். என்ன செய்ய?

இரண்டு ஏ போட்டால் கூட்டு 17, அதையும் கூட்டினால் 8. எந்த ‘டி’ போட்டாலும் அதேதான், இரண்டுக்கும் மதிப்பு 4. ஒன்பது வரவேண்டும் என்று நடுவில் இன்னொரு ஏ சேர்க்கச் சொல்வார்கள்; சேர்த்தால் பிள்ளை ‘ஆதான்’ ஆகிவிடுவான். எட்டு உறுத்துமானால் வேறு பெயர் பாருங்கள். எழுத்தைக் கெடுத்து இந்தப் பெயரை வைப்பதில் பயனில்லை.

கேள்வி: மருத்துவமனையில் பெயர் இல்லாமல் பிறப்பைப் பதிந்துவிட்டோம். இன்னும் முடிவாகவில்லை.

அவசரமில்லை. பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயரை அதன்பின் சேர்க்கலாம். பதிந்த நாளிலிருந்து 12 மாதம் வரை கட்டணம் இல்லை. அதற்குமேல் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஆனால் ஒருமுறை ஏறிய பெயரை மாற்றுவது வேறு வேலை, அரசிதழ் வரை போகும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளி, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் அடிப்படை. அதனால் தமிழ் வரி, ஆங்கில வரி இரண்டையும் அச்சாவதற்கு முன் நீங்களே ஓர் எழுத்து விடாமல் படியுங்கள். கணினியில் அடிப்பவருக்கு ஆதவன் பழக்கம். நடுவில் ஒரு ‘வ’ தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.