லகாஷ் – உம்மா எல்லைச் சண்டை: கேள்வி பதில்

போரையும் சமாதானத்தையும் மண், தண்ணீர் வழியாகப் படிப்பது எப்படி என்று பலர் கேட்டிருந்தீர்கள். இன்றைய தெற்கு ஈராக்கில் அக்கம்பக்கமாக இருந்த லகாஷ், உம்மா என்ற இரண்டு பழைய சுமேரிய நகரங்களை வைத்துச் சொல்கிறேன்.

கே: தண்ணீருக்காக நடந்த முதல் போர் இதுதானாமே, மேடம்?

ப: பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். எனக்குப் பாதி சம்மதம்தான். சண்டையின் மையம் குஎதெனா என்ற விளைநிலம். கிஷ் என்ற வேறு நகரத்தின் அரசன் மெசிலிம் எல்லைக்கல் நட்டு வழக்கைத் தீர்த்தான். உம்மாக்காரர்கள் கல்லைப் பிடுங்கினார்கள். கி.மு. 2450 வாக்கில் லகாஷ் அரசன் எயன்னாதும் ஜெயித்து, எல்லையில் வாய்க்கால் வெட்டினான். நிலத்தின் ஒரு பகுதியை உம்மா உழுதுகொள்ளலாம், ஆனால் லகாஷுக்கு வாற்கோதுமை அளக்க வேண்டும். அந்தப் பாக்கி வட்டியோடு ஏறி, யாராலும் கட்ட முடியாத அளவுக்குப் போனது. உம்மாவின் உர்-லும்மா கட்டவில்லை. எல்லை வாய்க்கால் தண்ணீரைத் திருப்பி, எல்லைக்கற்களுக்குத் தீ வைத்தான். நிலமும் கடனும்தான் காரணம், தண்ணீர் கையில் கிடைத்த ஆயுதம் என்பது என் கட்சி.

கே: இவ்வளவு விவரம் எப்படிக் கிடைத்தது?

ப: பெரும்பாலும் லகாஷ் எழுதிவைத்தது. வாதியின் கட்டு மட்டும் கையில் இருக்கும் வழக்கு மாதிரி. உம்மா பக்கத்திலிருந்து கிடைத்தது மிகக் கொஞ்சம்.

கே: எங்கள் ஊரில் வாய்க்கால் பாசனம் வந்தபிறகு வயல் உப்புப் பூத்துவிட்டது. அங்கேயும் அப்படித்தானா?

ப: நல்ல கேள்வி. தண்ணீருக்கு மேல்மடையில் இருந்த உம்மாவின் தயவே வேண்டாம் என்று லகாஷ் டைகிரிஸ் ஆற்றிலிருந்து பெரிய வாய்க்கால் கொண்டுவந்தது. தண்ணீர் தாராளம், வடிகால் இல்லை. நிலத்தடி நீர்மட்டம் ஏறி, வெயிலில் ஆவியாகி, உப்பை மேலே விட்டுப்போனது என்று 1958இல் ஜேக்கப்சன், ஆடம்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். உவரைத் தாங்காத கோதுமை குறைந்து வாற்கோதுமை மிஞ்சியது. கி.மு. 2400 வாக்கில் ஹெக்டேருக்குச் சுமார் 2,500 லிட்டர் என்றிருந்த விளைச்சல், கி.மு. 1700இல் 900க்கும் கீழே போனது என்பது அவர்கள் கணக்கு. மார்வின் பவல் என்ற ஆய்வாளர் 1985இல் இதை மறுத்தார்: தரிசு போட்டும் நீர் பாய்ச்சி உப்பைக் கழுவியும் சமாளிக்க சுமேரியருக்குத் தெரிந்திருந்தது என்றார். உப்பு இருந்தது, ஆனால் அதுவே சுமேரியாவை முடித்தது என்பது மிகை. என் ஓட்டு பவலுக்கு.

கே: சமாதானம் என்று ஒன்று நடக்கவே இல்லையா?

ப: நடந்தது, வேறு ஊரோடு! லகாஷின் என்மெதெனா உருக் நகர அரசனோடு சகோதர உறவு செய்துகொண்டதைக் களிமண் ஆணிகளில் பொறித்தான். நமக்குத் தெரிந்த மிகப் பழைய உடன்படிக்கைகளில் ஒன்று. உம்மாவோடு கடைசிவரை ஒத்துப்போகவில்லை. கி.மு. 2350 வாக்கில் உம்மாவின் லுகல்சகேசி லகாஷைச் சூறையாடினான். பிறகு அவனையும் அக்காட்டின் சார்கோன் தோற்கடித்தான். இரண்டு ஊரும் ஒரே பேரரசுக்குள் போயின.

கே: தொல்காப்பியமும் நிலத்தையும் போரையும் இணைக்கிறதே?

ப: ஆமாம். குறிஞ்சிக்கு ஆநிரை கவரும் வெட்சி, மருதத்துக்கு மதில் வளைக்கும் உழிஞை. ஆனால் அது செய்யுள் இலக்கணம். நடந்த சண்டைக்குச் சாட்சியாக அதை நிறுத்தாதீர்கள்.

கே: எயன்னாதுமின் வெற்றிக்கல் எங்கே இருக்கிறது?

ப: பாரிஸ் லூவ்ரில், துண்டுகளாக. பலரும் அதில் செதுக்கியிருக்கும் பிணந்தின்னிக் கழுகுகளைப் படமெடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். மறுபக்கத்தையும் பாருங்கள்: அங்கே எதிரிகளை வலையில் அள்ளிப் பிடித்திருப்பது அரசன் அல்ல, நின்கிர்சு தெய்வம். லகாஷ் கணக்கில் குஎதெனா அந்தச் சாமியின் சொத்து.