அங்கியும் வெள்ளிக் கோலும்: ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பதவிகள் பற்றிக் கேள்வி பதில்

ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் பட்டமளிப்பு நாளில் அங்கியும் கோலுமாக வலம்வருகிறார்களே, இவர்கள் யார், எதற்காக இருக்கிறார்கள் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே கேள்வி பல பேரிடமிருந்து வந்திருந்தால் ஒன்றாக்கிவிட்டேன். எல்லாவற்றுக்கும் ஒரே நீளத்தில் பதில் இருக்காது. மாணவர் ஒழுங்கைக் கவனிக்கும் அதிகாரிகளான புரோக்டர்கள் மீது எனக்குத் தனிக் கவனம் உண்டு என்பது போகப் போகத் தெரியும்.

கேள்வி (திருச்சியிலிருந்து ஒரு கல்லூரி ஆசிரியர்): ஆக்ஸ்போர்டு வேந்தருக்கு உண்மையில் அதிகாரம் ஏதாவது உண்டா ஐயா?

இன்று கிடையாது. நிர்வாகம் முழுவதும் துணைவேந்தர் கையில் இருக்கிறது. பெரிய விழாக்களில் தலைமை ஏற்பது, கௌரவப் பட்டங்கள் வழங்குவது, நன்கொடையாளர்களுடன் நல்லுறவு பேணுவது ஆகியவைதான் வேந்தரின் வேலை.

தொடக்கத்தில் நிலைமை வேறு. 13ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் வேந்தர் என்றால் அந்த ஊரிலேயே குடியிருந்த ஓர் ஆசிரியர். சக ஆசிரியர்கள் தேர்ந்தெடுப்பார்கள், லிங்கன் ஆயர் ஒப்புதல் தருவார். அவருக்கென்று தனி நீதிமன்றம் இருந்தது. மாணவனானாலும் சரி, மாணவனோடு சண்டைபோட்ட கடைக்காரனானாலும் சரி, அவர் முன்னால்தான் நிற்க வேண்டும். 15ஆம் நூற்றாண்டில்தான் அரசவைச் செல்வாக்குள்ள ஆயர்களையும், பிறகு பிரபுக்களையும் அந்த நாற்காலியில் உட்காரவைக்கும் வழக்கம் வேரூன்றியது. நிலத்துக்கும் சலுகைகளுக்கும் ஆபத்து வந்தால் அரசர் காதில் போட ஓர் ஆள் வேண்டுமே! வேந்தர் அரசவையோடு போய்விட, அவருடைய அன்றாட வேலைகளெல்லாம் ஊரிலேயே இருந்த துணைவேந்தரிடம் வந்து சேர்ந்தன.

கேள்வி (அதே வரிசையில் ஒரு வரலாற்று மாணவி): பெரிய இடத்து மனிதர்களைப் பிடித்துப்போட்டதால் பலன் கிடைத்ததா?

பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்தது. அந்த மனிதர்களின் கதிதான் பரிதாபம். கேம்பிரிட்ஜ் வேந்தர் பட்டியலைக் கொஞ்சம் பாருங்கள். ஜான் ஃபிஷர், 1535இல் தலை துண்டிக்கப்பட்டார். அவருக்குப் பின் வந்தவர் தாமஸ் குரோம்வெல், 1540இல் தலை போயிற்று. அடுத்து ஸ்டீபன் கார்டினர், இவர் மட்டும் லண்டன் கோபுரச் சிறையில் ஆண்டுக்கணக்கில் கிடந்ததோடு தப்பினார். பிறகு சாமர்செட் பிரபு, 1552இல் தலை வெட்டு. அவரைக் கவிழ்த்த நார்தம்பர்லண்ட் பிரபு அதே பதவிக்கும் வந்தார், அடுத்த ஆண்டே அதே மேடைக்கும் போனார். வரிசையாக ஐந்து வேந்தர்கள், அவர்களில் நால்வருக்குக் கொலைமேடை! பின்னாளில் எசெக்ஸ் பிரபு 1601இலும் ஹாலந்து பிரபு 1649இலும் அதே வழியில் போனார்கள்.

ஆக்ஸ்போர்டும் தப்பவில்லை. பல்கலைக்கழகத்தின் விதிகளையெல்லாம் தொகுத்து ஒழுங்குபடுத்திய வேந்தர் வில்லியம் லாட் 1641இல் பதவி விலகினார், 1645இல் தலை இழந்தார். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து ஆக்ஸ்போர்டு யாரை வேந்தராக்கியது தெரியுமா? அரசரையே கொலைமேடைக்கு அனுப்பிய ஆலிவர் குரோம்வெல்லை. காற்று வீசும் திசை பார்த்துப் பாய் கட்டத் தெரிந்தவர்கள்.

கேள்வி (சென்னையிலிருந்து): நம் ஊரில் ஆளுநரே வேந்தராக இருப்பது ஆக்ஸ்போர்டைப் பார்த்து வந்ததா?

பதவிப் பெயர் அந்த மரபிலிருந்து வந்தது, ஏற்பாடு அங்கிருந்து வரவில்லை. 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்களுக்கு முன்மாதிரியாக இருந்தது லண்டன் பல்கலைக்கழகம். சென்னையில் மாகாண ஆளுநரே வேந்தர் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் வேந்தரைத் தேர்ந்தெடுப்பவர்கள் பட்டதாரிகள்.

அந்தத் தேர்தல்கள் சுவையானவை. 1847இல் விக்டோரியா அரசியின் கணவர் ஆல்பர்ட்டே கேம்பிரிட்ஜில் போட்டியைச் சந்தித்து, நூற்றுச் சொச்சம் வாக்கு வித்தியாசத்தில்தான் வென்றார். 1950இல் கேம்பிரிட்ஜ் வேந்தர் பதவிக்கு அங்கே படித்த ஜவஹர்லால் நேருவின் பெயரும் முன்மொழியப்பட்டது. அவர் ஒதுங்கிக்கொள்ள, விமானப்படைத் தளபதி டெடர் வேந்தரானார். 2011இல் சூப்பர் மார்க்கெட் குடும்பத்தைச் சேர்ந்த சேன்ஸ்பரி பிரபுவை எதிர்த்து நின்றவர்களில் அந்த ஊர் மளிகைக் கடைக்காரர் ஒருவரும் இருந்தார். பிரபுதான் வென்றார் என்றாலும், எனக்குப் பிடித்த வேட்பாளர் அந்தக் கடைக்காரர்தான். ஆக்ஸ்போர்டில் முன்பெல்லாம் அங்கி அணிந்து நேரில் போய்த்தான் வாக்களிக்க வேண்டும். 2024இல் முதன்முறையாக இணையம்வழி வாக்களித்து வில்லியம் ஹேக்கைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆயுள் முழுவதும் என்றிருந்த பதவிக்காலமும் இப்போது 10 ஆண்டுகள்.

கேள்வி (மதுரையிலிருந்து ஒரு சட்ட மாணவி): புரோக்டர் என்றால் நம் விடுதிக் காப்பாளர் போலவா? அவர்களுக்குக் காவல்படை இருந்தது என்று கேள்விப்பட்டேன்.

காப்பாளருக்கு மேலே ஐந்தாறு படி, அம்மா. ஆண்டுதோறும் ஆசிரியர்களிலிருந்து இருவர் புரோக்டராவார்கள். ஆக்ஸ்போர்டில் முதலில் ஒருவர் வடபகுதியார் சார்பிலும் ஒருவர் தென்பகுதியார் சார்பிலும் இருந்தார்கள், டிரென்ட் ஆறுதான் எல்லைக்கோடு. வடவரும் தென்னவரும் தெருவில் கத்தியை உருவிக்கொண்டிருந்த காலம் அது. தேர்தலில் கலவரம் ஓயவில்லை என்பதால் 1620களின் இறுதியில், எந்த ஆண்டு எந்தக் கல்லூரி புரோக்டரை அனுப்புவது என்று முறைவைத்தார்கள்.

மாலை மங்கியதும் புரோக்டர் வெள்ளைக் கழுத்துப்பட்டையும் அங்கியுமாகத் தெருவில் இறங்குவார். இரண்டு பக்கமும் தொப்பி வைத்த காவலர்கள், மாணவர்கள் இவர்களுக்கு வைத்த பெயர் ‘புல்டாக்’. அங்கியில்லாமல் திரியும் மாணவனைக் கண்டால் காவலன் ஓடிப்போய் மடக்குவான். புரோக்டர் தொப்பியைக் கழற்றி, மிக மரியாதையாக, ‘உங்கள் பெயரும் கல்லூரியும் ஐயா?’ என்று கேட்பார். மறுநாள் அபராதம். இந்த மரியாதையையும் துரத்தலையும் வேடிக்கையாக எழுதிவைத்தவர்கள் ஏராளம்.

வேடிக்கையாக எழுதாத பக்கம் ஒன்று உண்டு. எலிசபெத் அரசி 1561இல் தந்த சாசனத்தின்படி, தவறான நடத்தை உள்ளவர்கள் என்று சந்தேகப்படும் பெண்களைப் பிடித்து அடைக்கும் அதிகாரம் கேம்பிரிட்ஜுக்கு இருந்தது. பல்கலைக்கழகத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஊர்ப் பெண்களையும் புரோக்டர் பிடித்துப்போகலாம். துணைவேந்தர் மூடிய அறையில் விசாரிப்பார். வழக்கறிஞர் இல்லை, ஜூரி இல்லை. ‘ஸ்பின்னிங் ஹவுஸ்’ என்ற சிறைக்கு அனுப்பிவிடுவார். 1846இல் எலிசபெத் ஹோ என்ற இளம்பெண் அங்கே ஓரிரவு ஈரப் படுக்கையில் கிடந்து, நோய்வாய்ப்பட்டு இறந்தார். அப்போதும் அதிகாரம் அசையவில்லை.

அசைத்தவர் டெய்சி ஹாப்கின்ஸ் என்ற 17 வயதுப் பெண். 1891இல் அவர்மீது எழுதப்பட்ட குற்றச்சாட்டு, ‘பல்கலைக்கழக உறுப்பினர் ஒருவரோடு நடந்து சென்றது’. அவ்வளவுதான். 14 நாள் சிறை. வழக்கு ஆட்கொணர்வு மனுவாக லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஒருவரோடு நடந்து போவது எந்தச் சட்டத்தில் குற்றம் என்று நீதிபதிகள் கேட்டார்கள். அவர் விடுதலையானார். 1894இல் நாடாளுமன்றமே சட்டம் இயற்றி அந்த அதிகாரத்தைப் பறித்தது. சட்டம் படிக்கிறீர்களே, ஆட்கொணர்வு மனுவுக்கு உதாரணம் தேடினால் இந்த வழக்கை எடுத்துப் படியுங்கள். 

ஆக்ஸ்போர்டின் தனிக் காவல்படை 2003இல்தான் கலைக்கப்பட்டது. கேம்பிரிட்ஜில் புரோக்டர்களோடு உயரத் தொப்பிக் காவலர்கள் இன்றும் விழாக்களில் வருகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். மேலே சொன்னதையும் நினைத்துக்கொண்டு பாருங்கள்.

கேள்வி (ஒரு வங்கி ஊழியர்): ஊர் மக்கள் இதையெல்லாம் எப்படிப் பொறுத்துக்கொண்டார்கள்?

பொறுத்துக்கொள்ளவில்லை. 1355 பிப்ரவரி 10, புனித ஸ்கொலாஸ்டிக்கா திருநாள். ஆக்ஸ்போர்டின் நாற்சந்தியில் இருந்த ஒரு மதுக்கடையில், ஒயின் சரியில்லை என்று மாணவர்கள் சொல்ல, கடைக்காரர் பதிலுக்கு ஏச, கோப்பை அவர் முகத்துக்குப் பறந்தது. மூன்று நாள் கலவரம். மாணவர் தரப்பில் 63 பேர் கொல்லப்பட்டதாகக் கணக்கு, ஊரார் தரப்பில் சுமார் 30 பேர். அரசர் மூன்றாம் எட்வர்டு பல்கலைக்கழகத்தின் பக்கம் சாய்ந்தார். ரொட்டி விலை, பீர் விலை, எடைக்கல், முகத்தல் அளவு ஆகிய எல்லாவற்றையும் கண்காணிக்கும் அதிகாரம் பல்கலைக்கழகத்துக்குப் போனது. ‘சந்தைக் கண்காணிப்பாளர்’ என்று பேராசிரியர்கள் ரொட்டியை நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது இப்படித்தான்.

அதோடு, ஒவ்வோர் ஆண்டும் அதே நாளில் மேயரும் 62 நகரத்தாரும் தேவாலயத்துக்கு வந்து தலைக்கு ஒரு பென்னி காணிக்கை வைக்க வேண்டும். நானூற்றெழுபது ஆண்டுகள் வைத்தார்கள்! 1825இல் ஒரு மேயர் வர மறுத்த பிறகுதான் அது நின்றது. 1955இல் மேயருக்குப் பல்கலைக்கழகம் கௌரவப் பட்டம் தந்தது, துணைவேந்தரை நகரம் கௌரவக் குடிமகனாக்கியது. சமாதானமாக அறுநூறு ஆண்டுகள் பிடித்தன.

கேள்வி: ஊர்வலத்தில் முன்னால் வெள்ளிக் கோல் ஏந்தி வருகிறவர்கள் யார்?

அவர்கள் பெயர் பீடில். பல்கலைக்கழகத்தின் மிகப் பழைய ஊழியர்களில் அவர்களும் அடக்கம். ஒரு காலத்தில் அறிவிப்புகளை வாசிப்பது, சம்மன் கொடுப்பது, கட்டணம் வசூலிப்பது எல்லாம் இவர்கள் வேலை. இன்று துணைவேந்தருக்கு முன்னால் கோல் ஏந்தி நடக்கிறார்கள். கேம்பிரிட்ஜின் வெள்ளிக் கோல்கள் 1626இல் பக்கிங்ஹாம் பிரபு கொடுத்தவை. நாடாளுமன்றம் அவர்மேல் குற்றச்சாட்டு நடவடிக்கை எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் அரசரின் நெருக்குதலோடு சொற்ப வாக்கு வித்தியாசத்தில் வேந்தரானவர் அவர். அடுத்த இரண்டு ஆண்டுகளில் கத்திக்குத்துக்குப் பலியானார். ஆள் நிலைக்கவில்லை, கோல் நிலைத்துவிட்டது.

கேள்வி (தமிழாசிரியர் ஒருவர்): லத்தீனில் பேசுவதற்கென்றே ஒரு பதவி இருக்கிறதாமே!

ஆமாம், ‘ஆரேட்டர்’. கேம்பிரிட்ஜில் 1522இல் ரிச்சர்ட் குரோக் முதல் ஆரேட்டரானார். அரசர்களுக்கும் பிரபுக்களுக்கும் பல்கலைக்கழகம் சார்பில் கடிதம் எழுதுவதும் அவர் பணி. நன்றி சொல்ல வேண்டும், கூடவே அடுத்த சலுகைக்கும் அடிபோட வேண்டும், இரண்டும் நல்ல லத்தீனில். கவிஞர் ஜார்ஜ் ஹெர்பர்ட் 1620இல் இந்தப் பதவிக்கு வந்தார். அரசர் ஜேம்ஸ் தாம் எழுதிய நூலை அன்பளித்தபோது, ‘வத்திக்கான் நூலகத்தையும் பாட்லியன் நூலகத்தையும் காட்டிப் பெருமை பேசுகிறீர்களா? எங்களுக்கு இந்த ஒரு நூலே நூலகம்’ என்ற பொருளில் எழுதி அனுப்பினார். நம் புலவர்களுக்குச் சளைத்தவரல்லர்!

இன்று கௌரவப் பட்டம் பெறுகிறவரை அறிமுகப்படுத்தும் லத்தீன் உரைதான் ஆரேட்டரின் முக்கிய வேலை. விஞ்ஞானி வந்தாலும் நடிகர் வந்தாலும் லத்தீன்தான், நடுவே சிலேடையும் இருக்கும். அந்தச் சடங்கு கடல் கடந்து இந்தியாவுக்கு வந்ததும் உண்டு. 1940 ஆகஸ்டு 7 அன்று தாகூருக்கு டாக்டர் பட்டம் வழங்குவதற்காக ஆக்ஸ்போர்டு சாந்திநிகேதனிலேயே சிறப்புக் கூட்டம் கூட்டியது. இந்தியாவின் தலைமை நீதிபதியாக இருந்த மாரிஸ் குவையரும், அப்போது ஆக்ஸ்போர்டில் பேராசிரியராக இருந்த, நம் திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணனும் பல்கலைக்கழகத்தின் பிரதிநிதிகள். புகழுரை லத்தீனில் வாசிக்கப்பட்டது. தாகூர் எழுந்து சம்ஸ்கிருதத்தில் பதில் சொன்னார். அந்தக் கூட்டத்தில் இருந்திருக்க வேண்டும் என்று நான் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

கேள்வி: இவ்வளவு சடங்கில் யாருக்குமே பொருள் தெரியாத சடங்கு ஏதாவது உண்டா?

அருமையான ஒன்று உண்டு. 1827 வரை ஆக்ஸ்போர்டில் எம்.ஏ. பட்டம் பெறுகிறவர், ‘ஹென்றி சைமியோனிஸோடு ஒருபோதும் சமாதானமாகப் போக மாட்டேன்’ என்று சத்தியம் செய்ய வேண்டும். அந்த ஹென்றி யார் என்று சத்தியம் செய்தவர்களுக்கும் தெரியாது, வாங்கியவர்களுக்கும் தெரியாது. தெரியாமலேயே அதை நீக்கியும்விட்டார்கள். 1912இல் பல்கலைக்கழக ஆவணக் காப்பாளர் ரெஜினால்ட் லேன் பூல்தான் ஆளைக் கண்டுபிடித்தார். இந்தக் காப்பாளர் பதவி 1634இல் ஏற்பட்டது. ஹென்றி 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பணக்கார நகரத்தார். 1242இல் ஒரு மாணவனைக் கொன்ற வழக்கில் சிக்கியவர். 1264இல் அரசர் அவரை மன்னித்து ஊருக்குள் விடச் சொன்னார். பல்கலைக்கழகம் மன்னிக்கவில்லை. மனிதர் செத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் பகை தொடர்ந்தது.

ஸ்டாம்ஃபோர்டு என்ற ஊரில் பாடம் நடத்த மாட்டேன் என்றும் ஒரு சத்தியம் இருந்தது. 1330களில் ஆக்ஸ்போர்டிலிருந்து ஒரு கூட்டம் பிரிந்துபோய் அங்கே போட்டிப் பல்கலைக்கழகம் தொடங்கப் பார்த்த கோபம். அதுவும் 1827 வரைதான்.

கேள்வி (பள்ளி மாணவர்): வாத்து தேடும் பதவி நிஜமா சார்?

நிஜம்தான் தம்பி. ஆக்ஸ்போர்டின் ஆல் சோல்ஸ் கல்லூரியில் நூறாண்டுக்கு ஒருமுறை ‘லார்டு மல்லார்டு’ என்று ஒருவரைத் தேர்ந்தெடுத்து நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு, கல்லூரி கட்டும்போது பறந்தோடியதாகச் சொல்லப்படும் காட்டு வாத்தைத் தேடிப் பாட்டுப் பாடிச் சுற்றுவார்கள். 1901இல் அந்த நாற்காலியில் இருந்த காஸ்மோ லாங் பிற்காலத்தில் கேன்டர்பரி பேராயரானார். கடைசியாக நடந்தது 2001இல். அடுத்தது 2101. நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொண்டால் பார்க்கலாம்.

கேள்வி (மகனைக் கேம்பிரிட்ஜில் படிக்கவைக்கும் ஒரு தாய்): அடுத்த கோடையில் பட்டமளிப்புக்குப் போகிறோம். எதைக் கவனித்துப் பார்க்க வேண்டும்?

வாழ்த்துகள் அம்மா. விரல்களைக் கவனியுங்கள். கல்லூரிக்கு ஒருவர் ‘பிரலெக்டர்’ என்று இருப்பார். மாணவர்களை நான்கு நான்கு பேராக அழைத்துவந்து, தம் வலக்கையை நீட்டுவார். நால்வரும் ஆளுக்கொரு விரலைப் பிடித்துக்கொள்ள, இவர்கள் தகுதியுள்ளவர்கள் என்று அவர் லத்தீனில் சாட்சி சொல்வார். பிறகு ஒவ்வொருவராகப் போய்த் துணைவேந்தர் அல்லது அவருடைய பிரதிநிதி முன்னால் மண்டியிட்டு, கூப்பிய கைகளை நீட்ட வேண்டும். அவர் அந்தக் கைகளைத் தம் கைகளுக்குள் வாங்கிப் பட்டத்தை வழங்குவார். ஒருவருக்குச் சில நொடிகள்தான், மகன் முறை வரும்போது கைப்பேசியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். 

உள்ளே போக டிக்கெட் வேண்டும், குடும்பத்துக்குக் கிடைப்பது சிலவே. டிக்கெட் கிடைக்காத உறவினர்கள் கிங்ஸ் பரேடு தெருவில், பட்டமளிப்பு நடக்கும் மண்டபமான செனட் ஹவுஸின் வேலியோரமாக நின்றால் கல்லூரி ஊர்வலங்களைப் பார்க்கலாம். கிங்ஸ், டிரினிட்டி, செயின்ட் ஜான்ஸ் கல்லூரிகள் முதலில் வரும். பிறகு தொடங்கிய ஆண்டு வரிசைப்படி மற்றவை. மகனின் கல்லூரி எந்த நாளில், எத்தனை மணிக்கு என்று முன்னாலேயே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். மழைக்கு ஒரு குடையும் எடுத்துப் போங்கள்.