தூரம் 650 கிலோமீற்றர், டிக்கெட்டில் ஏன் 1 மணி 25 நிமிடம்?

கேள்வி: கொழும்பு–சென்னை விமானத் தூரம் 650 கிலோமீற்றர், பறக்க 45 நிமிடம் என்று இணையத்தளம் ஒன்று காட்டுகிறது. டிக்கெட்டில் 1 மணி 25 நிமிடம். எதை நம்புவது? சென்னையில் இறங்கி, தனி டிக்கெட்டில் கோயம்புத்தூர் போக வேண்டும். (வெள்ளவத்தை வாசகர்)

பதில்: டிக்கெட்டை நம்புங்கள். இணையத்தளம் இரு விமான நிலையங்களுக்கும் இடையிலான மிகக் குறுகிய கோட்டை அளந்து, மணிக்கு 850 கிலோமீற்றர் என்ற வேகத்தால் வகுக்கிறது. டிக்கெட் நேரமோ கட்டுநாயக்கவில் விமானம் தரிப்பிடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி, சென்னையில் தரிப்பிடத்தில் நிற்பதில் முடிகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, ஏறுவது, இறங்குவது எல்லாம் அதில் அடக்கம். 10,000 அடிக்குக் கீழே வேகம் பொதுவாக 250 நொட்டுக்கு, அதாவது மணிக்கு சுமார் 460 கிலோமீற்றருக்கு, மட்டுப்படுத்தப்படும். குறுகிய பயணத்தில் முழு வேகத்தில் பறப்பது கொஞ்ச நேரம்தான். யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னை ஏறத்தாழ 355 கிலோமீற்றர். ஆனாலும் அங்கு பறக்கும் ஏடிஆர் விமானத்துக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். சுழலி பூட்டிய அந்த விமானத்தின் வேகம் மணிக்கு 500 கிலோமீற்றர் அளவுதான்.

அலகையும் பாருங்கள். உங்கள் 650 கிலோமீற்றர் சாதாரண மைலில் சுமார் 400, கடல் மைலில் சுமார் 350. வெறும் ‘மைல்’ என்று போட்டிருந்தால் குழப்பம் வரும்.

உங்கள் உண்மையான சிக்கல் சென்னையில்தான் இருக்கிறது. தனி டிக்கெட் என்றால் குடிவரவு முடித்து, பொதியை எடுத்து, சுங்கம் தாண்டி, உள்நாட்டு முனையத்துக்கு மாறி, மறுபடி பொதி கொடுக்க வேண்டும். இந்திய விசா கட்டாயம் தேவை. உள்நாட்டு கவுண்டர் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே மூடிவிடும். இடையில் 4 மணித்தியாலமாவது விடுங்கள். முதல் விமானம் தாமதித்தால் இரண்டாவது நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை. பணம் உங்கள் கையைவிட்டுப் போகும். விலை சற்றுக் கூடினாலும், ஒரே முன்பதிவு எண்ணில் இரண்டையும் வாங்கி, பொதிக்கும் தாமதத்துக்கும் என்ன ஏற்பாடு என்று வாங்கும்போதே கேட்பதுதான் நல்லது.

கேள்வி: ஜூலையில் கொழும்பிலிருந்து லண்டனுக்கு நேரடி விமானம்: பிற்பகல் 1.00 புறப்பாடு, இரவு 7.30 வருகை. ஆறரை மணித்தியாலத்தில் போய்விடுமா?

பதில்: இல்லை, 11 மணித்தியாலம். இரண்டு நேரங்களும் அந்தந்த ஊர் நேரம். ஜூலையில் லண்டன் நமக்கு நாலரை மணித்தியாலம் பின்னால் இருக்கிறது. அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை ஐந்தரை. தூரம் சுமார் 8,700 கிலோமீற்றர். மேற்கிலிருந்து வீசும் உயரக் காற்றால் திரும்பும் பயணம் பெரும்பாலும் குறுகும்.