பகுதிநேர ஆஸ்டியோபதி: கடிதம்

ஐயா,

நான் தேவகோட்டைக்காரன். பிசியோதெரபி முடித்து, காரைக்குடியில் ஒரு கிளினிக்கில் ஐந்து வருடமாக வேலை பார்க்கிறேன். ஆஸ்டியோபதி, அதாவது எலும்பு, மூட்டு, தசை வலிகளுக்குக் கையாலேயே சிகிச்சை தரும் முறை, அதில் பெங்களூருவில் ஒரு பகுதிநேர டிப்ளமோவில் சேரலாமா என்று யோசனை. நான்கு ஆண்டுப் படிப்பு. ஆண்டுக்கு ஆறு தடவை, தடவைக்கு நான்கு நாள், நாளுக்கு ஏழு மணி நேர வகுப்பு. ‘சர்வதேசக் கல்வித் தரம், 1000 மணி நேரம்’ என்று கையேட்டில் போட்டிருக்கிறார்கள். வேலையை விடாமல் படிக்கலாம். ஆனால் வீட்டில், “விட்டு விட்டுப் படிப்பதெல்லாம் ஒரு படிப்பா?” என்கிறார்கள். உங்கள் முதுகுவலிக் கட்டுரையைப் படித்த தைரியத்தில் கேட்கிறேன்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

பகுதிநேரம் என்பது ஒரு குறையே இல்லை. வீட்டில் அதைச் சொல்லிவிடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2010-ல் ஆஸ்டியோபதி பயிற்சிக்கு ஓர் அளவுகோல் வெளியிட்டது. ‘சர்வதேசத் தரம்’ என்று கையேடுகள் சொல்வது பெரும்பாலும் இதை வைத்துத்தான். முழுநேரம், பகுதிநேரம் இரண்டையும் அது ஏற்கிறது. மருத்துவப் பின்னணி இல்லாமல் புதிதாக வருகிறவருக்கு 4200 மணி நேரம். அதில் குறைந்தது 1000 மணி, மேற்பார்வையாளர் பக்கத்தில் இருக்க நோயாளிகளைப் பார்க்கும் பயிற்சி. உங்களைப் போல ஏற்கெனவே துறையில் இருப்பவருக்குப் பாடம் அதேதான், கால அளவு மட்டும் குறையும். உங்கள் கையேட்டின் 1000 இந்தக் குறைந்த கால அளவாக இருக்கும், மேலே சொன்ன நோயாளிப் பயிற்சியின் 1000 அல்ல. இன்னொன்று: உலக சுகாதார நிறுவனம் எந்தப் பள்ளிக்கும் அங்கீகாரம் தருவதில்லை. தந்ததாகக் கையேட்டில் எங்காவது இருந்தால் மடித்து வைத்துவிடுங்கள்.

சரி, நம் ஊர் வழக்கப்படி ஐந்தொகை போட்டுப் பார்ப்போம். நான்கு ஆண்டில் 96 நாள். ஏழால் பெருக்கினால் 672 மணி. பாக்கி 328 மணி எங்கே? வீட்டில் படிப்பதையும் இணைய வகுப்பையும் சேர்த்திருப்பார்கள். அதுவும் தப்பில்லை. உடற்கூறியலை எங்கே உட்கார்ந்து படித்தால் என்ன? கைத்திறனையும் உடல் பரிசோதனையையும்தான் நேரில் சொல்லித்தர வேண்டும் என்கிறது அந்த அளவுகோல்.

எனக்கு உறுத்துவது அந்த 672-க்குள்ளே இருப்பதுதான். அதில் எத்தனை மணி நிஜ நோயாளி? இத்தகைய வகுப்புகளில் மாணவர்கள் ஒருவர் முதுகில் ஒருவர் பழகுவார்கள். உங்கள் முதுகும் பக்கத்து மேசைக்காரர் முதுகும் முப்பது வயது முதுகு. காரைக்குடியில் உங்களிடம் வருவது யார்? ஆத்தங்குடியில் நாளெல்லாம் குனிந்து பூக்கல் (பூ வேலைத் தரைக்கல்) ஊற்றுகிறவர், முற்றம் பட்டாலை என்று பெரிய வீட்டில் படியேறி இறங்கியே முட்டி தேய்ந்த எழுபது வயது ஆச்சி. அந்த ஆச்சியின் எலும்பு எவ்வளவு தாங்கும் என்பதைச் சக மாணவன் முதுகு சொல்லித்தராது.

கொண்டுவிக்கப் போன, அதாவது கடல் கடந்து வட்டித்தொழிலுக்குப் போன எங்கள் பாட்டையா பர்மாவில் பெட்டியடிப் பையனாக, கடையின் எடுபிடியாகத்தான் தொடங்கினார். மூன்று வருடக் கணக்கு (ஒரு தவணை) முழுக்க, அனுபவப்பட்டவர் ஒருவர் கண் முன்னாலேயே வேலை. கடன் கொடுப்பதை யாரும் கற்றுக்கொண்டுவிடலாம், யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பதற்குத்தான் அத்தனை வருடம் என்பார்.

என் கதையையும் கேளுங்கள். ஆறேழு வருடம் முன்பு கழுத்துப் பிடிப்புக்கு ஒருவரிடம் போனேன். சுவரில் நான்கு சான்றிதழ், எல்லாம் சில நாள் பயிற்சிகள். உட்காரவைத்தார், தலையைப் பிடித்தார், ‘மடக்’. சொகமாகத்தான் இருந்தது. மறுநாளிலிருந்து மூன்று வாரம் இடது கை மரத்துக் கிடந்தது. ஸ்கேனில் பார்த்தால் கழுத்தெலும்புகளுக்கு நடுவிலுள்ள தட்டு (டிஸ்க்) பிதுங்கி நரம்பை அழுத்திக்கொண்டிருக்கிறது. விரலில் முன்பே ஊசி குத்துவது போல் இருந்தது. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ராத்திரியில் கூடும் வலி, காரணமில்லாமல் குறையும் எடை, முதுகுவலியோடு சேர்ந்து சிறுநீர் அடைத்துக்கொள்வது: இப்படி வருகிறவர்மேல் கை வைக்காமல் மருத்துவமனைக்கு அனுப்பும் பழக்கம் மேற்பார்வையில்தான் படியும்.

சுளுக்கு நீவி விடுகிறவர்களை இதை வைத்து நான் இளப்பமாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். ஆஸ்டியோபதியைத் தொடங்கிய ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில்லே எலும்பு பூட்டுகிறவர் என்று விளம்பரம் செய்துகொண்டு ஊர் ஊராகப் போனவர்தான். 1864-ல் மூளைக்காய்ச்சலில் பிள்ளைகளைப் பறிகொடுத்து, அன்றைய மருந்துகள்மேல் வெறுப்பானவர். 1892-ல் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில்லில் பள்ளி வைத்தார். அந்த வழியில் வந்த அமெரிக்க டி.ஓ.க்கள் (ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம் பெற்றவர்கள்) இன்று மருந்து எழுதி அறுவை சிகிச்சையும் செய்யும் முழு டாக்டர்கள். உங்கள் டிப்ளமோவை டி.ஓ. என்று சுருக்கினாலும் அது இது அல்ல. (நம் ஊரிலோ டி.ஓ. என்றால் கண் மருத்துவ டிப்ளமோ, கண் டாக்டர்!) பெயர்ப்பலகையில் கவனம்.

வெளிநாட்டு எண்ணம் இருந்தால் ஒரு வார்த்தை. பிரிட்டனில் 1993-ம் ஆண்டுச் சட்டப்படி, அங்குள்ள கவுன்சிலில் பதிவு செய்யாமல் ஆஸ்டியோபதி நிபுணர் என்று சொல்லிக்கொள்வதே குற்றம். இங்கே இதற்கென்று தனிக் கவுன்சில் இல்லை. ஆகவே காரைக்குடியில் நீங்கள் முதலில் பிசியோதெரபிஸ்ட், அப்புறம்தான் மற்றது.

பணம் கட்டுவதற்கு முன் போன் போட்டு ஒன்றே ஒன்று கேளுங்கள்: நான்கு ஆண்டில் எத்தனை நோயாளிகளை, யார் பக்கத்தில் நிற்க, நான் பார்ப்பேன்? எண்ணாகச் சொன்னால் சேர யோசிக்கலாம். “அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்” என்றால் பணம் கட்டாதீர்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.