சட்டக் கல்லூரி மாணவராக இருந்துகொண்டு கிரிக்கெட் ரசிகராகவும் இருப்பது படிப்புக்கு உதவுகிறதா, இடைஞ்சலாக இருக்கிறதா?

கேள்வி கேட்டவர் முதலாண்டு மாணவர். சென்னை சூப்பர் கிங்ஸ் ஆட்டம் ஒன்றையும் தவறவிடாதவர் என்றும், இந்த ஆர்வத்தைப் படிப்போடு இணைக்க வழி உண்டா அல்லது ஐந்து ஆண்டுகளுக்கு ஒதுக்கி வைக்க வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறார். நான் அதே அணியின் ரசிகை. ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் நான்காம் ஆண்டில் இருக்கிறேன். உதவுகிறது என்பதே என் பதில். ஆனால் அது உதவும் விதம், நான் முதலாண்டில் நினைத்த விதம் அல்ல.

முதலாண்டில் நான் நினைத்தது இதுதான்: கிரிக்கெட் தொடர்பான வழக்குகள் எனக்கு எளிதில் மனத்தில் நிற்கும், மதிப்பெண் வரும். அது ஓரளவு உண்மையே. தீங்கியல் சட்டப் (டார்ட்) பாடத்தில் போல்டன் எதிர் ஸ்டோன் என்ற 1951ஆம் ஆண்டு ஆங்கிலேய வழக்கு வந்தபோது, வகுப்பில் பலர் அதை மனப்பாடம் செய்தார்கள். நான் மைதானத்தையே கண்ணால் கண்டேன். மட்டையாளர் அடித்த பந்து வேலியைத் தாண்டி, சாலையில் நின்ற பெண்மணியின் மீது விழுகிறது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் ஐந்தாறு முறைதான் பந்து அப்படிச் சாலைக்குப் போயிருக்கிறது. அவ்வளவு அரிதாக நிகழும் ஆபத்துக்கு எதிராக முன்னேற்பாடு செய்யாதது கவனக்குறைவு ஆகாது என்று, அன்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. தெருவில் விளையாடி எதிர்வீட்டு மாமியின் ஜன்னல் கண்ணாடியை உடைத்தவர்களுக்கு இந்த வழக்கை யாரும் விளக்கத் தேவையில்லை. இருந்தாலும் இத்தகைய வழக்குகள் பாடத்திட்டத்தில் இரண்டு மூன்றுதான் வரும். இதற்காக மட்டும் ரசிகராக இருப்பது லாபமான வியாபாரம் அல்ல.

எனக்கு உண்மையில் பயன்பட்டது வேறொன்று. இரண்டாம் ஆண்டில், இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் எதிர் பீகார் கிரிக்கெட் சங்கம் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015 ஜனவரி 22 அன்று அளித்த தீர்ப்பை, மாதிரி நீதிமன்றப் போட்டிக்காக முழுவதும் படிக்க நேர்ந்தது. பின்னணி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாரியத்தின் நிர்வாகிகள் எவரும் வாரியம் நடத்தும் போட்டிகளில் நேரடியாகவோ மறைமுகமாகவோ வணிக நலன் கொண்டிருக்கக் கூடாது என்று வாரியத்தின் 6.2.4ஆம் விதி சொன்னது. 2008 தொடக்கத்தில் சென்னை அணியை இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் 9.1 கோடி டாலருக்கு ஏலத்தில் எடுத்தது. அதன் நிர்வாக இயக்குநரான என். சீனிவாசன் அப்போது வாரியத்தின் பொருளாளர். அதே ஆண்டு செப்டம்பரில் ஐ.பி.எல். போன்ற போட்டிகளுக்கு மட்டும் விலக்கு அளித்து அந்த விதி திருத்தப்பட்டது. 2013இல் சூதாட்ட விவகாரம் வெடித்து, அப்போது வாரியத் தலைவராக இருந்த சீனிவாசனின் மருமகன் கைதானபோது, அந்தத் திருத்தம் செல்லுமா என்பது நாடு முழுவதற்குமான கேள்வியாகிவிட்டது. திருத்தம் செல்லாது என்று நீதிமன்றம் அறிவித்தது. தண்டனையை முடிவு செய்ய நீதிபதி லோதா தலைமையில் குழு அமைத்தது. அந்தக் குழு 2015 ஜூலை 14 அன்று சென்னை, ராஜஸ்தான் அணிகளை நடத்திய நிறுவனங்களை இரண்டு ஆண்டுகளுக்கு விலக்கி வைத்தது.

அந்த ஜூலை மாதம் எனக்குப் பதினொரு வயது. அப்பா செய்தியைப் பார்த்துவிட்டுத் தொலைக்காட்சியை அணைத்தது நினைவிருக்கிறது. "நம்ம டீம் ஜெயிக்கிறது வடக்கே இருக்கிறவங்களுக்குப் பொறுக்கல" என்றார். எங்கள் தெருவில் இதுவே பொதுக்கருத்து. பல ஆண்டுகள் நானும் அதையே நம்பினேன்.

தீர்ப்பை நகலெடுத்து, கையில் மஞ்சள் நிற ஹைலைட்டருடன் உட்கார்ந்து மூன்று நாள் படித்தேன். நிறத்தை அணிக்காகத் தேர்ந்தெடுக்கவில்லை. கடையில் அதுதான் இருந்தது. நான்காம் நாள், எங்கள் குழுவில் இருந்த மூத்த மாணவியான அக்கா அந்தத் தாள்களை வாங்கிப் புரட்டினார். பத்துப் பக்கம் புரட்டியதும் சிரித்துவிட்டார். "ஏம்மா, இது தீர்ப்பா, ரசிகர் மன்ற நோட்டீஸா?" என்று கேட்டார். எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு நானே புரட்டிப் பார்த்தேன். சீனிவாசன் விசாரணையை மூடி மறைக்க முயன்றார் என்ற குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்று நீதிமன்றம் சொன்ன இடம் பளிச்சென்று மஞ்சளில் இருந்தது. பக்கவாட்டில் இரண்டு கோடும் போட்டிருந்தேன். அதையும் தாண்டி, மூடி மறைத்தாரோ இல்லையோ, ஆட்டத்தை நடத்துபவரே ஆடும் அணிக்கும் உரிமையாளராக இருப்பது ஆட்டத்தின் மீதான மக்களின் நம்பிக்கையையே குலைக்கும் என்று நீதிமன்றம் விரிவாகப் பேசும் பகுதி வெள்ளையாகவே கிடந்தது. அந்தப் பக்கங்களையும் நான் படித்திருந்தேன். ஆனால் அவை என் கண்ணில் பட்டும் பதியவில்லை.

போட்டியில் எங்கள் குழுவுக்குக் கிடைத்தது, வழக்கைத் தொடுத்த பீகார் சங்கத்தின் தரப்பு. அதாவது என் அணிக்கு எதிரான தரப்பு. வேண்டா வெறுப்பாகத்தான் தயாரானேன். நடுவராக வந்திருந்த ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், நான் பேசத் தொடங்கி இரண்டு நிமிடத்தில் குறுக்கிட்டு, "மூடி மறைத்ததாக நிரூபணம் இல்லை என்று ஆகிவிட்டது, பிறகு உங்களுக்கு என்ன குறை?" என்று கேட்டார். நான் மஞ்சள் பூசி வைத்திருந்த அதே வரி, என் மீதே திரும்பி வந்தது. இப்படி ஒரு கேள்வி வரலாம் என்று அஞ்சித்தான், தன் நலன் கலந்த விஷயத்தில் தானே தீர்ப்புச் சொல்லக் கூடாது என்ற இயற்கை நீதி பற்றிய பழைய வழக்குகளை அதற்கு முந்தைய இரவு தோண்டியிருந்தேன். அந்த ஒரு கேள்வி வந்திராவிட்டால் அவற்றைத் தேர்வுக்கான பெயர்ப் பட்டியலாகவே கடந்து போயிருப்பேன்.

அவற்றில் ஒன்று, 1852ஆம் ஆண்டின் டைம்ஸ் (Dimes) வழக்கு. இங்கிலாந்தின் லார்ட் சான்சலர் பொறுப்பில் இருந்த காட்டன்ஹாம் பிரபு ஒரு கால்வாய் நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். அவர் அந்த நிறுவனத்தில் பங்குதாரர் என்பது பின்னர் தெரியவந்தது. அந்தப் பங்கு அவருடைய தீர்ப்பைத் துளியும் பாதித்திருக்கும் என்று யாரும் எண்ணவில்லை என்பதைச் சொல்லிக்கொண்டே பிரபுக்கள் அவை அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. இன்னொன்று, நம் உச்ச நீதிமன்றத்தின் 1969ஆம் ஆண்டு கிரைபக் வழக்கு. காஷ்மீரில் வனப்பணிக்கு ஆள் தேர்வு செய்த குழுவில் இருந்த அதிகாரியே விண்ணப்பதாரராகவும் இருந்தார். தன் பெயர் விவாதத்துக்கு வந்தபோது அவர் எழுந்து போய்விட்டார்; ஆனால் தன் போட்டியாளர்களின் பெயர்கள் வந்தபோது உட்கார்ந்திருந்தார். தேர்வு முழுவதும் செல்லாது என்றது நீதிமன்றம். 2013 ஜூனில் சீனிவாசன் தலைவர் பதவியை விட்டு விலகாமல், அன்றாட வேலைகளிலிருந்து மட்டும் ஒதுங்கி நின்றபோது "ஒதுங்கிவிட்டாரே, இன்னும் என்ன வேண்டும்" என்று எங்கள் வீட்டில் பேசிக்கொண்டோம். கிரைபக் வழக்கைப் படித்தபோது அந்தக் கேள்விக்கு நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்பே பதில் சொல்லப்பட்டுவிட்டதைக் கண்டேன்.

வடக்கத்திச் சதி என்ற கதையும் அந்த வாரத்தோடு முடிந்தது. விதித் திருத்தத்தை முதலில் எதிர்த்து நீதிமன்றம் போனவர் ஏ.சி. முத்தையா, வாரியத்தின் முன்னாள் தலைவர், சென்னைக்காரர். அவருடைய வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்புகள் அளித்ததால்தான் முடிவு தள்ளிப் போனது. 2015 தீர்ப்பை வழங்கிய இரு நீதிபதிகளில் ஒருவர் தாக்கூர். மற்றவர் கலிஃபுல்லா, பிறந்த ஊர் காரைக்குடி. இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "காரைக்குடிக்காரரா?" என்று மட்டும் கேட்டார்.

ஆகவே, ரசிகராக இருப்பதன் பயன் என்று நான் சொல்வது இதை: சார்புநிலை என்ற கோட்பாட்டை மற்ற மாணவர்கள் புத்தகத்தில் படிக்கிறார்கள், உங்களுக்கு அது உள்ளே இருந்து தெரியும். சார்புடையவர் பொய் சொல்பவர் அல்ல, கெட்டவரும் அல்ல. தனக்குப் பிடித்த வரி பெரிதாகவும் பிடிக்காத வரி சிறிதாகவும் தெரிகிறவர், அவ்வளவுதான். அதனால்தான் சட்டம் அவருடைய மனத்துக்குள் புகுந்து பார்க்க முயலாமல், நாற்காலியை மட்டும் மாற்றச் சொல்கிறது. கிரிக்கெட்டே இதைத் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டது. உள்நாட்டு நடுவர்கள் மீதான புகார்கள் ஓயாத நிலையில், 1986இல் லாகூரில் பாகிஸ்தானும் மேற்கிந்தியத் தீவுகளும் ஆடிய டெஸ்டுக்கு நம் நாட்டின் வி.கே. ராமசாமியும் பிலூ ரிப்போர்ட்டரும் நடுவர்களாகப் போனார்கள். 1994 முதல் ஒவ்வொரு டெஸ்டிலும் ஒரு நடுவரும், 2002 முதல் இருவருமே ஆடும் அணிகளைச் சேராத நாட்டவராக இருக்க வேண்டும் என்றானது. உள்நாட்டு நடுவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று யாரும் நிரூபித்த பிறகு வந்த விதி அல்ல அது.

இதே கண்ணோடு பார்த்தால் ஆட்டத்தின் பல இடங்கள் பாடமாகும். எல்.பி.டபிள்யூ. மறுபரிசீலனையில் பந்தின் பாதிக்கும் குறைவான பகுதியே ஸ்டம்பில் படும் என்று தெரிந்தால், களநடுவர் சொன்னதே நிற்கும். விடுதலையை எதிர்த்த மேல்முறையீட்டில், சாட்சியங்களிலிருந்து நியாயமான இரண்டு முடிவுகளுக்கு வர முடியும் என்றால் விசாரணை நீதிமன்றத்தின் விடுதலையைக் கலைக்கக் கூடாது என்று 2007ஆம் ஆண்டு சந்திரப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் தொகுத்துச் சொன்னதை இது எனக்கு நினைவூட்டும். ஒப்புமை முழுமையானது அல்ல. சட்டத்தில் அந்தச் சலுகை குற்றம் சாட்டப்பட்டவருக்கு மட்டும்தான், ஆட்டத்தில் அது களநடுவர் எந்தப் பக்கம் சொன்னாரோ அந்தப் பக்கத்துக்கு. ஆனாலும் நம் மட்டையாளர் தப்பும்போது இந்த விதி ஞானமாகவும், எதிரணியினர் தப்பும்போது அநியாயமாகவும் தோன்றுவதைக் கவனியுங்கள்.

எனக்கென்று ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். கருத்து எழுதும் முன் பெயரை மாற்றிப் போட்டுப் பார்ப்பேன். 2019 ஏப்ரல் 11 அன்று ஜெய்ப்பூரில், கடைசி ஓவரில் நோ-பால் என்று காட்டிவிட்டு நடுவர் பின்வாங்கியபோது, ஏற்கெனவே ஆட்டமிழந்து வெளியே இருந்த தோனி மைதானத்துக்குள் நடந்து வந்து வாதிட்டார். ஆட்ட ஊதியத்தில் பாதி அபராதம் விதிக்கப்பட்டது. நடுவர் செய்தது தவறு என்று நான் அன்று பள்ளிக்கூடம் முழுக்க வாதாடினேன், இன்றும் அப்படியே நினைக்கிறேன். ஆனால் தோனி இருந்த இடத்தில் மும்பை அணியின் தலைவரை நிறுத்திப் பார்த்தால், அபராதம் போதாது, ஓர் ஆட்டமாவது தடை விதித்திருக்க வேண்டும் என்று என் மனம் உடனே சொல்கிறது. வழக்கு ஆய்வு எழுதும்போதும் இதையே செய்கிறேன்; மனுதாரரை எதிர்மனுதாரராக்கி அதே வாதம் நிற்கிறதா என்று பார்க்கிறேன்.

அரசமைப்புச் சட்டப் பாடத்துக்கு வந்ததும், 2005ஆம் ஆண்டு ஜீ டெலிஃபிலிம்ஸ் வழக்கை அவசியம் முழுமையாகப் படியுங்கள். வாரியம் 12ஆம் உறுப்பின்படி 'அரசு' ஆகாது என்று மூன்று நீதிபதிகளும், ஆகும் என்று இரண்டு நீதிபதிகளும் சொன்னார்கள். ஆனால் அது பொதுக் கடமை ஆற்றுவதால் 226ஆம் உறுப்பின் கீழ் உயர் நீதிமன்றத்தை அணுகலாம் என்ற வழி திறந்தே விடப்பட்டது. சிறுபான்மைத் தீர்ப்பைத் தவிர்க்காதீர்கள். எனக்கு அதுதான் வலுவாகப் படுகிறது.

நேரம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஐ.பி.எல். நடக்கும் ஏப்ரல், மே மாதங்களில்தான் நமக்குப் பருவத் தேர்வும் வரும். இதற்கு நல்ல தீர்வு என்னிடம் இல்லை. தேர்வுக்கு முந்தைய நாள் கைப்பேசியை அப்பாவிடம் கொடுத்துவிடுவேன். விக்கெட் விழுந்தால் மட்டும் அவர் வந்து கதவைத் தட்டுவார்.

அப்பாவுக்கு அந்தத் தீர்ப்பில் இன்றும் உடன்பாடு இல்லை. போன மாதம், "அப்படி என்னதான் எழுதியிருக்காங்க, தமிழில் சொல்லு" என்றார். பழைய தாள்களை எடுத்து ஒவ்வொரு பத்தியாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். மூடி மறைத்ததாக நிரூபிக்கப்படவில்லை என்ற இடம் வந்தது. "போதும்மா, அங்கேயே நிறுத்து" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.