வாசகர் கேள்வி பதில்: ஊர்க் குடிநீரும் கழிப்பறையும்

கேள்வி: எங்கள் ஊராட்சித் தொட்டி 30,000 லிட்டர். தினமும் பிளீச்சிங் பவுடர் போடுகிறார்கள். தொட்டியை ஒட்டிய தெருவில் நெடி தாங்கவில்லை. கடைசித் தெருவில் வாசமே இல்லை, பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கும் அங்கேதான். ஏன்?
– கிராமக் குடிநீர்க் குழு உறுப்பினர்

பதில்: டேங்க் ஆபரேட்டர் பவுடரை அப்படியே தொட்டிக்குள் கொட்டுகிறாரா என்று முதலில் பாருங்கள். கொட்டினால் அது அடியில் படிந்து, வால்வு திறந்ததும் முதல் தண்ணீரோடு போய்விடும்.

லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்று வைத்தால் உங்கள் தொட்டிக்கு 60 கிராம் குளோரின் தேவை. 25 சதவீதக் குளோரின் உள்ள பவுடரில் அது 240 கிராம். வாய் திறந்து கிடக்கும் மூட்டையில் வீரியம் இறங்கிவிடும், அங்கே இந்தக் கணக்கு செல்லாது. பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பசையாகக் குழைத்து, பிறகு வாளியை நிரப்பிக் கலக்கிக் கால் மணி நேரம் தெளிய விடுங்கள். மேலே தெளிந்த நீரை மட்டும், மோட்டார் ஓடித் தொட்டி பாதி நிறைந்திருக்கும்போது ஊற்ற வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பு தொட்டிக்குள் போகவே கூடாது. நிறைந்து அரை மணி நேரம் கழித்தே வால்வைத் திறக்கலாம்.

அடுத்து, குளோரின் சோதனைப் பெட்டியோடு கடைசிக் குழாய்க்குப் போங்கள். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும். தொட்டியை ஒட்டிய குழாயில் சரியாக இருந்து கடைசியில் ஒன்றுமே இல்லையென்றால், பவுடரைக் கூட்டுவது தீர்வல்ல. வழியில் அழுக்கு கலக்கிறது என்றே சந்தேகப்படுங்கள். சாக்கடைக்குள் போகும் இணைப்புகளையும், தண்ணீர் வேகமாக வரட்டும் என்று பள்ளம் தோண்டி இறக்கிய குழாய்களையும் பாருங்கள். சப்ளை நின்றதும் குழாய் வெறுமையாகி, பள்ளத்து நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். சரிசெய்யும்வரை அந்தத் தெருவில் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்கச் சொல்லுங்கள். இதை இன்றே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: இரட்டைக் குழிக் கழிப்பறை கட்டினோம். இரண்டு குழியும் ஒன்றாக நிரம்பிவிட்டனவே?

பதில்: குழிகளுக்கு முன்னால் உள்ள சந்திப்புத் தொட்டியில் ஒரு வழியை அடைக்காமல் விட்டிருப்பார்கள். ஒரு குழி நிறைந்த பின்பே மற்றது. நிறைந்ததை இரண்டு ஆண்டு மூடி வைத்தால்தான் கழிவு மட்கி, கிருமி அழிந்து உரமாகும். இப்போது ஒரு குழியை லாரி இயந்திரத்தால் உறிஞ்சச் செய்து அதை மட்டும் பயன்படுத்துங்கள், மற்றதை அடைத்துவிடுங்கள். ஆளை இறக்க வேண்டாம், அது உயிருக்கும் ஆபத்து, சட்டப்படியும் குற்றம். குளியலறைத் தண்ணீரைக் குழியில் விடாதீர்கள். கிணறு பத்து மீட்டராவது தள்ளியிருக்கிறதா என்று அளந்து பாருங்கள்.